வாசல் விளக்குக்கு வந்த பூச்சி

பிளிகல்மனே, சிர்சி தாலூகா
28 அக்டோபர் 1998

அன்பு மகள் பாகீரதிக்கு உன் அப்பய்யா திம்மப்ப ஹெக்டே எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று பேர் படித்தோம். நான், உன் அம்மா, எங்களுக்கு முன்னால் தபால்காரர். இன்லேண்டின் ஓரம் ஈரமாக இருந்தது. மழை நின்று ஒரு வாரம் ஆகிறது.

உலகத்தில் இதுவரை யாரும் பேர் வைக்காத தத்துப்பூச்சியாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அதுவும் நான் பிடித்து, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிய பாட்டிலில். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கவிழ்ந்தவன் கையில் விஞ்ஞானம் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது, பாவம். பிள்ளையார் சதுர்த்திக்கு வந்தபோது நீ அந்தச் சின்னச் சின்ன ஸ்பிரிட் பாட்டில்களை வைத்துவிட்டுப் போனாய் அல்லவா, "என்ன கிடைச்சாலும் போடுங்க, பென்சில்ல சீட்டு எழுதி உள்ளேயே போடுங்க" என்று? அதை ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு உன் அம்மா இன்னும் என்னை மன்னிக்கவில்லை. நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். "பூச்சிக்குப் பேர் வைக்கறது இருக்கட்டும், தன் பிள்ளைக்கு எப்ப பேர் வைக்கப் போறா, அதைக் கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டாம்.

எங்கே பிடித்தீர்கள், சரியாகச் சொல்லுங்கள் என்று அடிக்கோடு போட்டுக் கேட்டிருக்கிறாய். சீட்டில்தான் எழுதியிருக்கிறேனே. வாசல் விளக்கு. சாயங்காலம் விளக்கைப் போட்டேன், அது வந்தது, பிடித்தேன். இதில் சரியாகச் சொல்ல என்ன இருக்கிறது?

எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. உன் புரொபசர் பாட்டீல் சார் எதற்கு இடத்தை இப்படித் துருவுகிறார்? இன்றைக்கு இடம் கேட்பார், நாளைக்கு ஜீப்பில் வருவார், மறுநாள் பூச்சிக்கு பாட்டீல் என்று பேர். எதற்கும் பாட்டிலைப் பூட்டி வை.

இனிமேல் கவரில் எழுது. தபாலாபீஸ் போனும் வேண்டாம், அதில் பேசினால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டுகிறார்கள். நேற்று பக்கத்துத் தோட்டத்து சுப்ராய பட், என் மைத்துனன் முறைதானே, வேலி ஓரமாக வந்து, "ஏன் பாவா, நம்ம மலையில ஏதோ அதிசயம் கிடைச்சிருக்காமே?" என்றான். நான் மலை என்றே யாரிடமும் சொல்லவில்லை.

உன்
அப்பய்யா

*

பெங்களூர்
5 நவம்பர் 1998

அப்பய்யாவுக்கு,

கவரில்தான் எழுதுகிறேன். கோந்தும் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

பாட்டீல் சாருக்குத் தன் பேரில் ஏற்கெனவே ஒரு மாவுப்பூச்சி இருக்கிறது. இன்னொன்றுக்கு ஆசைப்படுகிறவர் இல்லை. அவர் இடம் கேட்பதற்குக் காரணம் நீங்கள்தான்.

அந்தப் பூச்சி அரிசியில் பாதி இருக்கிறது. தவிட்டு நிறம், நெற்றியில் கறுப்பாக ஒரு வளைவு. தத்துப்பூச்சிகள் வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். வால் நுனியைக் கழற்றி, காஸ்டிக் கரைத்த தண்ணீரில் இளக்கி, உள்ளே ஆண் உறுப்பின் வடிவத்தைப் பார்த்தால்தான் இன்ன இனம் என்று சொல்ல முடியும். நல்லவேளை, நீங்கள் பிடித்தது ஆண். உறுப்பின் நுனி மீன்தூண்டில் மாதிரி இரண்டாகப் பிரிந்து வளைகிறது. இதுவரை அச்சில் வந்த எதிலும் அப்படி இல்லை. சார் இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "இருக்கலாம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிசு.

ஆனால் அப்பய்யா, அதற்குச் சிறகு பாதிதான் இருக்கிறது. முதலில் ஒடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒடியவில்லை, வளர்ந்ததே அவ்வளவுதான். முதுகின் நடுவில் நின்றுவிட்டது. அது தத்தும், பறக்காது. பறக்கவே முடியாது.

நம் வாசல் விளக்கு உத்தரத்தில் தொங்குகிறது. பல்பை மாற்ற நீங்களே முக்காலி போட்டு ஏறுகிறீர்கள். பறக்க முடியாத பூச்சி அங்கே எப்படி வந்தது?

இதைத்தான் சார் கேட்டார். "உன் பாட்டில்கள் எங்கேயோ கலந்துபோச்சு போலிருக்கேம்மா" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. என் ஆராய்ச்சியே நம் ஊர்ப் பூச்சிகள்தான். ஒரு பாட்டிலில் இடம் தப்பு என்றால் மற்ற பாட்டில்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். இடம் தெரியாத பூச்சிக்குப் பேர் வைக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அதனால் மறுபடியும் கேட்கிறேன். எங்கே பிடித்தீர்கள்?

பாகீரதி

*

பிளிகல்மனே
12 நவம்பர் 1998

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தபோது அந்த உறுப்பு வரி வந்தது. அந்த இடத்தில் இருமிவிட்டுத் தாண்டினேன். "என்ன திடீர்னு இருமல்?" என்று மிளகு போட்டு ஒரு லோட்டா கஷாயம் கொண்டுவந்துவிட்டாள். உன் விஞ்ஞானத்துக்காக அதையும் குடித்தேன்.

சிறகு விஷயம் படித்தேன். நீ போலீஸில் சேர்ந்திருக்கலாம். யோசித்துப் பார்த்தால் பல வழி இருக்கிறது. என் தோள் துண்டில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். துண்டை நான் உதறினபோது அது விளக்குப் பக்கம் எகிறியிருக்கலாம். பூனை முதுகில் வந்திருக்கலாம், நம் பூனை உத்தரத்தில்தானே தூங்குகிறது. அன்றைக்குத் தோட்டத்துக்குத் தழைக்கட்டு இறங்கியது, அதில் வந்திருக்கலாம். உத்தரத்தில் பிடித்தேன் என்று நான் எங்கே எழுதினேன்? விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். வெளிச்சம் தரையிலும்தானே விழுகிறது.

தப்பாக நினைக்காதே, உன் கடிதத்தில் எனக்கும் ஒரு சந்தேகம். இடத்தை அச்சில் போடுவார்களா? ஊர் பேர், சர்வே நம்பர் எல்லாமா? அதை யார் யார் படிப்பார்கள்? பாட்டீல் சாருக்குக் காட்டிலாகாவில் சொந்தக்காரர்கள் உண்டா?

பாக்குக் குலை இறக்க ஆரம்பித்தாகிவிட்டது. அறுவடை சுமார். மழையில் அழுகல் நோய் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்பய்யா

*

பெங்களூர்
19 நவம்பர் 1998

அப்பய்யா,

அக்டோபரில் தழைக்கட்டு இறங்கியதா? நம் ஊரில் ஆடி மழையில்தான் தழை வெட்டுவோம். அக்டோபரில் மலையில் அரிவாள் வைத்தால் முதலில் சத்தம் போடுகிறவரே நீங்கள்தான். நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். பெங்களூருக்கு வந்து மறந்திருப்பேன் என்று நினைத்துவிட்டீர்களா?

பூனை உத்தரத்தில் தூங்குவதும் இல்லை. அடுப்படியில் தூங்குகிறது.

எனக்குக் கோபம் வருவதைவிட பயமாக இருக்கிறது. நீங்கள் விளையாட்டுக்கு ஆயிரம் பொய் சொல்வீர்கள், சிரித்துக்கொண்டே சொல்வீர்கள், யாரும் நம்ப மாட்டோம். இந்தப் பொய் அந்த மாதிரி இல்லை. பென்சிலால், அழகாக, தேதி போட்டு எழுதியிருக்கிறீர்கள். காட்டிலாகாவைப் பற்றி எதற்குக் கேட்டீர்கள்? யாராவது உங்களை மிரட்டினார்களா? இல்லை, அந்த இடத்தையே ஏதாவது செய்துவிட்டீர்களா?

சாரிடம் "ஊருக்குப் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்றேன். பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை ஜனவரி வரைக்கும் விடாது. இந்த ஜாதிப் பூச்சி தளிரில்தான் சாறு குடிக்கும், அதற்குள் தளிர் முற்றிவிட்டால் பூச்சியும் போய்விடலாம்.

உண்மையை எழுதுங்கள். இல்லையென்றால் அந்தப் பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், ஊறுகாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பாகீரதி

*

பிளிகல்மனே
26 நவம்பர் 1998

பாகி,

சரி. வாசல் விளக்கு இல்லை.

மேல் ஓடைக்கு அந்தப்பக்கம், நம் தழைக்காட்டில், வரிசையாக நிற்கும் கருமருது மரங்களில் பிடித்தேன். ஆடியில் கிளை கழித்த மரங்கள். வெட்டின இடத்தில் தளிர் வந்திருந்தது. நம் ஓடைத் தண்ணீர் ஏன் குறைகிறது என்று பார்க்கப் போனவன், தளிரில் ஏதோ எகிறினதும் உன் ஞாபகம் வந்து பாட்டிலில் போட்டேன். நல்ல மனசோடுதான் போட்டேன். சீட்டு எழுத உட்கார்ந்தபோதுதான் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. என் புத்தி வேலை செய்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

தழைக்காடு நம் பேரில் இல்லை. சர்க்கார் நிலம், நமக்குத் தழை வெட்டிக்கொள்ள மட்டும் உரிமை. தழை இல்லாவிட்டால் பாக்கு மர வேருக்குப் போர்வை இல்லை, இரண்டு மழையில் வேர் வெளியே வந்துவிடும். உனக்குத் தெரியாததில்லை. அந்த மலையில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஜந்து இருக்கிறது என்று நீ அச்சில் போட்டால், மறுவாரம் காட்டிலாகா வந்து "இனிமே ஒரு இலை தொடக்கூடாது" என்று பலகை அடித்தால், யார் போய்க் கேட்பது? கணக்கில் தோற்ற நானா?

ஊருக்குள் நிலைமை அதைவிட மோசம். எப்படியோ விஷயம் பரவிவிட்டது. தழைக்காட்டில் பங்குள்ளவர்கள் எல்லாரும் சுப்ராயன் வீட்டில் கூடினார்கள். என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். வெற்றிலைத் தட்டு மட்டும் என் பக்கம் வரவில்லை.

"உன் மக நம்மளை எழுதிக் குடுத்துட்டாளா பாவா?" என்றான் சுப்ராயன்.

"அவ பூச்சியைப் பத்திதாண்டா எழுதறா."

"பூச்சி எங்க இருக்கு? ஆகாசத்துலயா தொங்குது?"

"வாசல் விளக்குல" என்றேன். அவர்களிடமும் அதையே சொல்லிவைத்திருந்தேன்.

"விளக்கை விடு பாவா. அது இருக்கற நாலு மரத்தை அடியோட வெட்டிச் சாய்ச்சிட்டா என்ன? பூச்சியும் இல்லை, வில்லங்கமும் இல்லை. எந்த மரம்னு மட்டும் சொல்லு." 

நான் சொல்லவில்லை. அதனால்தான் இப்போது நம் வீட்டு முய்யிக்கு, பதில் வேலைக்கு, ஆள் வருவது நின்றுவிட்டது. இந்த வருஷம் எல்லார் வீட்டுக்கும் நானும் உன் அம்மாவும் போய்ப் பாக்கு உரித்துக் கொடுத்தாகிவிட்டது. திருப்பி நம் வீட்டுக்கு உரிக்க வர வேண்டிய முறையில் ஒருத்தருக்கு இடுப்புவலி, ஒருத்தருக்குச் சீமந்தம், ஒருத்தர் காரணம்கூடச் சொல்லவில்லை. கூடம் முழுக்கப் பச்சைப் பாக்கு. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு அரிவாள்மணையோடு உட்கார்ந்திருக்கிறோம். உன் அம்மா என்னைவிட இரண்டு பங்கு உரிக்கிறாள், மூன்று பங்கு பேசுகிறாள்.

ஆனால் பாகி, ஒரு நல்ல சேதி இருக்கிறது. உன் கடிதம் வந்த மறுநாள் மறுபடி மலைக்குப் போனேன். நாம் தழை வெட்டுகிற பக்கத்தில் பூச்சி தாராளமாக இருக்கிறது. எல்லைக் கல்லுக்கு அந்தண்டை, யாரும் வெட்டாத காட்டிலாகா பக்கத்தில், அதே கருமருதில் ஒன்றுகூட இல்லை. ஆக, நாம் வெட்டுவதால்தான் தளிர், தளிரால்தான் பூச்சி! இதை அப்படியே அச்சில் போடு. பூச்சியும் பிழைக்கும், தோட்டமும் பிழைக்கும், உன் அப்பனும் ஊருக்குள் நடமாடலாம்.

அப்பய்யா

*

பெங்களூர்
3 டிசம்பர் 1998

அப்பய்யா,

உண்மையைச் சொன்னதற்கு சந்தோஷம். அந்த நாலு மரத்தையும் காட்டிக் கொடுக்காததற்கு அதைவிட சந்தோஷம்.

அந்த நல்ல சேதியை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

கோபப்படாமல் படியுங்கள். முதல் தடவை உங்களுக்கு வசதியான ஒரு இடத்தைச் சொன்னீர்கள், அது பொய். இப்போது அதைவிட வசதியான ஒன்றைச் சொல்கிறீர்கள். நாம் வெட்டுகிற பக்கத்தில் நிறைய, வெட்டாத பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய விடை மாதிரி அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. வெட்டாத பக்கத்தில் எவ்வளவு நேரம் தேடினீர்கள்? நிஜமாகவே தேடினீர்களா, கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தீர்களா?

இது உண்மையாக இருந்தால் என்னைவிட யாருக்குச் சந்தோஷம்? நானும் அந்தப் பாக்குக் காசில் படித்தவள்தான். ஆனால் ஹெக்டேயின் மகள், ஹெக்டேயின் மலை, ஹெக்டே சொன்ன சாட்சி என்றால் சார் மட்டுமில்லை, நானே கையெழுத்துப் போட மாட்டேன்.

ஒரு வழி இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்காது. தழை வெட்டக் கூடாது என்று சொல்கிற ஒருத்தர் உங்கள் கூட வந்து, இரண்டு பக்கமும் அவரே தட்டிப் பார்த்து, அவரே சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். காட்டுக்காவல் பீரண்ண நாயக் இன்னும் அங்கேதானே இருக்கிறார்?

கிளைக்கு அடியில் குடையை மல்லாத்திப் பிடித்து, கிளையைக் கம்பால் தட்டச் சொல்லுங்கள். குடைக்குள் வெள்ளைத்துணி விரியுங்கள், கறுப்புத் துணியில் தவிட்டுப் பூச்சி தெரியாது.

பாகீரதி

*

பிளிகல்மனே
15 டிசம்பர் 1998

என் சந்தேகப் பிராணியான மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் யோசித்தேன். நான் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் எட்டிப் பார்த்தேன். அது உனக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

நாயக்குக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். வாசலிலேயே நின்றார்.

"என்ன ஹெக்டேரே, நீங்களாவே கூப்பிட்டு விட்டிருக்கீங்க? போற வழியில குழி கிழி வெட்டி வச்சிருக்கீங்களா?"

"பூச்சி பிடிக்கணும் நாயக்ரே."

"எதைப் பிடிக்கணும்?"

"பூச்சி. தத்துமே, அது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே திரும்பி, "அம்மா, இவருக்கு எத்தனை நாளா இப்படி?" என்றார். உன் அம்மா, "கல்யாணம் ஆன நாள்லருந்து" என்றாள். பக்கத்துணை என்றால் இதுதான்.

விஷயத்தைச் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். அவர் கஷாயம் குடித்து முடித்து லோட்டாவைக் கீழே வைத்தார். பிறகு, "இதுல உங்க லாபம் எனக்குப் புரியுது. என் லாபம் என்ன?" என்றார். "உங்க பேர் சீட்டுல வரும்" என்றேன். "என் பேர் ஏற்கெனவே நிறைய மகஜர்ல இருக்கு, அதுல பாதி உங்க ஊர்க்காரங்க குடுத்தது" என்றார். ஆனால் வந்தார். நம்பி வரவில்லை, நான் எதையோ மறைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்து வந்தார். வழியெல்லாம் என்னை முன்னால் நடக்கவிட்டு, வெட்டின அடிக்கட்டைகளைத் தேடி எண்ணிக்கொண்டே வந்தார்.

என் குடையில் உன் அம்மாவின் வெள்ளைத் தலையணை உறையைக் குத்தி விரித்திருந்தேன். நான் குடை பிடிக்க, நாயக் தட்டினார். முதல் தட்டிலேயே உன் பாதிச் சிறகுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் விழுந்து எகிறினார்கள். "ஏ, பிடிங்க பிடிங்க! அங்க ஓடுது மாராயா!" என்று காக்கிச் சட்டை போட்ட மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார். பாட்டிலில் போட்டோம். சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

அப்போது கொஞ்ச தூரத்தில் ஒரு மாமரத்துக்குப் பின்னாலிருந்து "அய்யய்யோ!" என்று ஒரு சத்தம். சுப்ராயன். எங்களை வேவு பார்க்க ஒளிந்திருக்கிறான். ஒளிவதற்கு முசுறு எறும்புக் கூடு கட்டின மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறான். வேட்டியை உதறிக்கொண்டே ஓடிவந்து, "எல்லைக் கல்லைக் காட்டிக் குடுக்கத்தானே இவனைக் கூட்டிட்டு வந்தே?" என்று என்னைக் கேட்டான். "முதல்ல உன் எல்லையை மூடு பாவா" என்றேன். நாயக் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்துக் காக்காயெல்லாம் எழுந்துவிட்டது.

பிறகு மூன்று பேருமாகக் கல்லைத் தாண்டினோம். வெட்டாத பக்கம். நாயக் அங்கே விடாமல் தட்டினார், தன் கட்சி ஜெயிக்க வேண்டும் என்கிற ஆவேசத்தில் தட்டினார். சிலந்தி விழுந்தது, வண்டு விழுந்தது, சுப்ராயன் தலையில் ஒரு காய்ந்த கிளை விழுந்தது. உன் பூச்சி விழவில்லை. இரண்டாவது பாட்டிலில் சிலந்தியும் வண்டும்தான் இருக்கிறது. "உங்க பூச்சி உங்க கட்சிதான் போல ஹெக்டேரே" என்று அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு நாயக் கீழே இறங்கிவிட்டார். சுப்ராயன் எறும்புக்கடிக்கு எண்ணெய் தேய்க்க ஓடினான்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நான் மட்டும் ஓடையில் தண்ணீர் குடிக்கப் போனேன். வெட்டாத பக்கத்தில், நாயக் போகாத ஒரு சரிவில், போன ஆனிக் காற்றில் சாய்ந்த ஒரு கருமருது கிடக்கிறது. வேர் பாதி மண்ணுக்குள் இருப்பதால் உயிர் இருக்கிறது. அடிமரத்தில் கொத்துக் கொத்தாகத் தளிர். "திம்மப்பா, நேரமாச்சு, வீட்டுக்குப் போ" என்று சொல்லிக்கொண்டேன். உன் கடிதம் சட்டைப்பையில் குத்தியது. குடையைப் பிடித்துத் தட்டினேன்.

மூன்று விழுந்தது. பாதிச் சிறகு, நெற்றியில் வளைவு.

யாரும் வெட்டாத மரம், பாகி. அப்படியென்றால் அதற்கு நம் அரிவாள் தேவையில்லை, தளிர் மட்டும்தான் தேவை. காற்று தள்ளினாலும் போதும். நான் உனக்கு எழுதின பெரிய கண்டுபிடிப்பு அந்தத் தலையணை உறையில் எகிறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை. குடையைக் கவிழ்த்திருந்தால் போதும். கவிழ்க்கத்தான் மணிக்கட்டைத் திருப்பினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது பாட்டில் இதோடு வருகிறது. சாட்சிக் கையெழுத்து இல்லை. "வெட்டாத பக்கம், தானாக விழுந்த மரம், தளிரில், நான் மட்டும்" என்று சீட்டில் இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உன் பாடு.

நான் காட்டுக்காவலோடு மலையேறினதை ஊரே பார்த்துவிட்டது. இப்போது யாரும் என்னிடம் இடுப்புவலி என்றுகூடச் சொல்வதில்லை. பாக்குப் பழுத்துக்கொண்டிருக்கிறது.

அப்பய்யா

*

பெங்களூர்
11 ஜனவரி 1999

அன்புள்ள அப்பய்யாவுக்கு,

மூன்றாவது பாட்டில் வந்த அன்றைக்குத்தான் முதல் இரண்டையும் நம்பினேன்.

பூச்சி புதுசுதான். சந்தேகமே இல்லை. உங்கள் மூன்றில் ஒன்று ஆண், தூண்டில் அச்சு அசலாக இருக்கிறது. கட்டுரையை எழுதி முடித்துவிட்டோம். இடம் என்கிற வரியில் இப்படி இருக்கிறது: தழைக்காகக் கிளை கழித்த கருமருதின் தளிரிலும், காற்றில் சாய்ந்த கருமருதின் தளிரிலும். அவ்வளவுதான். தழை வெட்டினால்தான் இது வாழும் என்று என்னால் எழுத முடியாது, உங்கள் மூன்றாவது பாட்டில் அதைக் கெடுத்துவிட்டது. ஆனால் தழை வெட்டுவதால் இது அழிகிறது என்று இனி எவராலும் எழுத முடியாது. நாயக் கையெழுத்துப் போட்ட பாட்டில் அதற்கு விடாது. இதைவிட அதிகம் உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. பலகை அடிக்க நினைக்கிறவர்கள் காரணம் இல்லாமலும் அடிப்பார்கள்.

ஒரு இனத்துக்குப் பேர் வைக்கும்போது ஒரே ஒரு பூச்சியை மூல மாதிரியாக வைப்போம். பிற்காலத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் வந்து பார்ப்பார்கள். எதை வைப்பது என்று எனக்கும் சாருக்கும் தகராறு. நாயக் பாட்டிலிலிருந்து எடு என்றார் சார்.

"சாட்சிக் கையெழுத்து இருக்கேம்மா."

"விழுந்த மரத்துப் பூச்சியை எடுக்கலாம் சார்."

"அதை யார் பார்த்தாங்க? உங்க அப்பா மட்டும்தானே?"

"ஆமா சார், அப்பா மட்டும்தான். விட்டுட்டு வந்திருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வந்து, "சரி, எடு" என்றார். விழுந்த மரத்துப் பூச்சிதான் மூல மாதிரி. பிடித்தவர்: தி. ஹெக்டே.

இன்னொன்று. உங்கள் முதல் பூச்சியும் பெட்டியில் கூடவே இருக்கும். ஊசியில் அதற்குக் கீழே உங்கள் சீட்டைத்தான் குத்தியிருக்கிறேன். "வாசல் விளக்கு" என்று உங்கள் பென்சில் எழுத்தில். அதற்கும் கீழே என் கையெழுத்தில் இன்னொரு சீட்டு: மேலே உள்ள இடம் தவறு, பிடித்தவரே ஒப்புக்கொண்டார். தப்பான சீட்டாக இருந்தாலும் எடுத்துப் போடுவது எங்கள் வழக்கம் இல்லை. எத்தனை வருஷமானாலும் இரண்டும் அங்கேயே இருக்கும். வருத்தப்படாதீர்கள்.

பேர் என்ன என்று கேட்காதீர்கள். அச்சில் வரும்வரை வெளியே சொல்லக் கூடாது. தபால்காரருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஜனவரி கடைசியில் வருகிறேன். உரிக்கப் பாக்கு மிச்சம் இருக்குமா?

பாகீரதி

*

பிளிகல்மனே
20 ஜனவரி 1999

அன்பு மகள் பாகிக்கு,

மிச்சம் இருக்கும். உனக்கென்றே ஒரு குவியல் இருக்கும்.

உன் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது சுப்ராயன் வந்தான். கையில் தன் சொந்த அரிவாள்மணை. யாரும் கூப்பிடவில்லை. உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "நாயக் டீக்கடையில சொல்லிட்டு இருந்தான், அந்தப் பக்கம் தட்டித் தட்டிக் கை வலிதான் மிச்சம்னு" என்றான். "ஆமா" என்றேன். "அப்ப நமக்கு நல்லதுதானே பாவா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டைத் தள்ளியிருக்கலாம். உன் கடிதத்தை நீட்டினேன். விழுந்த மரத்துக் கதையைப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"நீ தனியாத்தானே இருந்தே?"

"தனியாத்தான்."

"யாரும் பார்க்கலை?"

"நீ எண்ணெய் தேய்க்கப் போயிருந்தே."

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் பைத்தியமா, இல்லை இதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்கிறதா என்று அவனால் முடிவுக்கே வர முடியவில்லை. இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் தினமும் வருகிறான். தழைக்காட்டுப் பங்காளி பரமேஸ்வரனும் நேற்று வந்தான். மற்றவர்கள் இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம்தான். உன் கட்டுரை வந்து, பலகை எதுவும் வராமல் ஒரு மழை போனால் அவர்களும் வருவார்களாக இருக்கும். வராவிட்டால் உன் அம்மா இருக்கிறாள், மூன்று பேர் வேலையைச் செய்வாள், ஊர் முழுக்கப் பேச வேண்டியதையும் பேசுவாள்.

பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறாய். பாட்டீல் என்றுதானே வைத்திருக்கிறாய்? சரி, கேட்கவில்லை.

அந்த முதல் சீட்டை எடுத்துவிட முடியுமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவிடம் சொன்னேன். "இருக்கட்டும். நீங்க புளுகறீங்கன்னு நான் முப்பது வருஷமா வாயால சொன்னா யாரு நம்பறா? ஊசி குத்தி வச்சாத்தான் நம்பறாங்க" என்றாள். இருக்கட்டும்.

பின்குறிப்பு: நேற்று சாயங்காலம் வாசல் விளக்குக்கு நிஜமாகவே ஒரு தத்துப்பூச்சி வந்தது. பச்சை நிறம், முழுச் சிறகு, உத்தரத்துக்கே பறந்து வந்தது. பாட்டிலில் போட்டிருக்கிறேன். சீட்டில் சுப்ராயனும் பரமேஸ்வரனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உன் அம்மா மட்டும் மறுத்துவிட்டாள், தான் அப்போது அடுப்படியில் இருந்ததாகச் சொல்கிறாள்.

உன்
அப்பய்யா